ஒரு விரல் தள்ளிப்போன சிவப்பு

கலைக்கூடம் திறக்கிற நாள் காலையில் நூல்பிடி மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். மனைவி பார்த்துச் சொன்ன பிறகு உள்ளே போய் நேராக மாட்டிக்கொண்டு வந்தவர், இந்த முறை செருப்பை மறந்தார். ஆயுசு முழுக்க ஒரு நூல் இப்படி அப்படிப் போகாத மனிதர் தடுமாறுவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு ஒருபக்கம், பாவம் ஒருபக்கம்.

"நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு பரபரப்பு இல்லை உங்களுக்கு" என்றாள்.

"அன்னைக்கு உங்க அப்பாதான பரபரப்பா இருக்கணும்? இன்னைக்கு பாப்பா வராடி. நம்ம ஊருக்கு, நம்ம தெருவுக்கு, அவ படத்தோட வரா!"

பாப்பா என்றால் ஏதோ கைக்குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். மாஸ்டரின் தங்கை. ஐம்பதைத் தாண்டியவள், தலை பாதி நரைத்தவள், கடல் கடந்த ஊர்களில் எல்லாம் படங்கள் தொங்குகிற ஓவியர். அவள் செய்வதற்குப் பாப் கலை என்று பெயர். சோப்பு உறை, பற்பசைக் குழாய், டார்ச் பேட்டரி என்று கடைத்தெருவில் நாம் பார்த்தும் பார்க்காமல் போகிற சாமான்களை ஆள் உயரத்துக்கு, கண்ணைப் பறிக்கிற வண்ணத்தில் ஆக்கிச் சுவரில் மாட்டுவது. முதன்முதலில் அந்தப் பெயரைக் கேட்டபோது மாஸ்டர், "இவ எப்ப பாட ஆரம்பிச்சா?" என்று கேட்டவர்தான்.

எங்கெங்கோ காட்சி வைத்தவள் சொந்த ஊரில் வைத்ததே இல்லை. வைக்க ஊரில் சுவர் இல்லை என்பதுதான் காரணம். இப்போது வந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் கிடந்த பழைய டயர் கிடங்கைத் துடைத்து, வெள்ளையடித்து, கூரையில் கண்ணாடி பதித்து, வட்டாரத்துக்கென்று ஒரு தற்காலக் கலைக்கூடம் ஆக்கிவிட்டார்கள். வெயில் ஏறினால் இன்னும் லேசாக ரப்பர் வாசனை அடிக்கும். அதில் முதல் காட்சியே பாப்பாவுடையது. அதைவிடப் பெரிய செய்தி, நுழைந்ததும் எதிரே நிற்கிற சுவரில் மாட்டும் படம் மாஸ்டர் தன் கையால் அச்சடித்தது. மாஸ்டருக்குச் செருப்பு மறந்துபோனதில் என்ன ஆச்சரியம்?

நூல்பிடி என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. அச்சகத்துக்காரர்கள் வைத்தது. ஸ்கிரீன் அச்சு பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். படம் விழ வேண்டிய இடம் மட்டும் அதில் திறந்திருக்கும். அதைத் தாளின் மேல் இறக்கி, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தால் திறந்த இடம் வழியே மை இறங்கித் தாளில் பதியும். ஒரு வண்ணத்துக்கு ஒரு சட்டம். மஞ்சள், நீலம், கருப்பு, சிவப்பு என்று நாலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். அதற்காகத் தாளின் மூலைகளில் குட்டிக் கூட்டல் குறிகள் போட்டிருக்கும். குறிமேல் குறி விழுந்தால் வேலை சுத்தம். விழாவிட்டால் ரோஜாவின் சிவப்பு ரோஜாவை விட்டு இறங்கி நடந்து போய்விடும்.

மாஸ்டர் கையில் எதுவும் நடந்து போனதில்லை. மற்ற அச்சகங்களில் கைவிட்ட வேலைகள் எல்லாம் அவர் மேசைக்கு வரும். தாளை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஒரு நூல் விலகியிருக்கு, கிழி" என்பார். முதலாளியே தயங்குவார். "மாஸ்டர், வாங்குறவன் மூக்குக்கிட்ட வெச்சா பார்க்கப் போறான்?" என்பார். "அவன் பார்க்க மாட்டான். நான் பார்த்துட்டேனே" என்று இவர் கிழித்துப் போட்டுவிட்டுப் போவார். இப்படிப்பட்ட மனிதருடன் ஒரே மேசையில் வேலை செய்வது என்ன பாடு என்று அந்தத் தங்கையைக் கேட்டால் தெரியும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவளும் அதே அச்சகத்தில் சேர்ந்தாள். அண்ணன் ஒரு முனை, தங்கை மறுமுனை. பாட்டு முணுமுணுத்தால்கூட, "கை ஆடும், வாயை மூடு" என்பார்.

அந்தக் காலத்தில்தான் அது நடந்தது. முகப்பூச்சு டப்பாவுக்கான அட்டை. அதில் ஒரு பெண், சிரித்த முகம், சிவந்த உதடு. உதடு தனியாக மினுங்க வேண்டும் என்று கம்பெனிக்காரர் கேட்டிருந்ததால் சிவப்பைக் கடைசி வண்ணமாக வைத்திருந்தார்கள். மஞ்சளும் நீலமும் கருப்பும் முடிந்து, சிவப்புச் சட்டத்தைக் குறி பார்த்துப் பொருத்தி வைத்த நேரம், மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தது. மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. மாஸ்டர் மை அப்பிய கையோடு ஓடினார். அண்ணன் வருவதற்குள் முடித்து வைத்துவிடலாம் என்று பாப்பா தனியாகச் சிவப்பை இழுத்தாள். பெண் குழந்தை பிறந்த மகிழ்ச்சியில், அச்சகம் முழுக்கக் கொடுக்க மிட்டாய்ப் பொட்டலத்தோடு மாலையில் திரும்பிய மாஸ்டர், காயப் போட்டிருந்த தாள்களைப் பார்த்தார். கட்டுக்கட்டாக அத்தனை பெண்களுக்கும் வாய் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. உதடு ஒரு விரல் தள்ளிக் கன்னத்தில் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தது.

அன்று அவர் திட்டிய திட்டில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. குப்பைக்குப் போக வேண்டிய தாள்களில் ஒரு கட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அடுத்த வருடமே ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்து, அந்தக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டாள்.

அங்கே அந்தக் கழிவுத் தாளைத்தான் சட்டம் போட்டு மாட்டினாளாம். அதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியதாம். உதடு விலகிய பெண், நிறம் விலகிய சோப்பு, மூடியை விட்டு நீலம் தனியே ஓடிப்போன மைப்புட்டி என்று அவள் வரிசையாகச் செய்யச் செய்யப் பேரும் புகழும் ஏறின. செய்தித்தாளில் படம் வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம், "மாஸ்டர், உங்க தங்கச்சி எங்கேயோ போயிட்டாங்க!" என்றார்கள். மாஸ்டருக்கு உச்சி குளிரும். குளிர்ந்த அடுத்த நொடி உள்ளே சுருக்கென்று தைக்கும். தன் மேசையிலிருந்து போன கழிவுத் தாள் அல்லவா ஊர் ஊராக விளக்கு வெளிச்சத்தில் தொங்குகிறது? பெரிய மனிதர்கள் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சிரிக்காமலா இருப்பார்கள்? அவள் எத்தனை முறை கூப்பிட்டும் ஒரு காட்சிக்கும் அவர் போனதில்லை. வேலை இருக்கிறது என்பார். வேலை எப்போதும் இருந்தது.

அப்படி இருக்கையில்தான் பாப்பா போன் செய்தாள். "அண்ணா, அந்த மொதல் படத்தை வாங்கினவர் கடனாக்கூடத் தர மாட்டேங்குறார். கட்டுல மிச்சமிருந்த தாளெல்லாம் எப்பவோ செல்லரிச்சுப் போச்சு. நம்ம ஊர்ல அது இல்லாம நான் எப்படிக் காட்சி வைக்கிறது? நீ போட்டுக் குடு. ஆள் உயரத்துக்குப் போடு. அதே நாலு வண்ணம், அதே உதடு, அதே இடம்."

மாஸ்டருக்குக் காது நன்றாகவே கேட்கும். அவள் கேட்டது கன்னத்து உதடுதான் என்று அவருக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் மனிதர் வேறு கணக்குப் போட்டார். பாவம், அன்று அவளுக்கு வேறு தாள் இல்லை, இருந்ததை வைத்துப் பிழைத்தாள். இன்று அவளுக்கு அண்ணன் இருக்கிறான். வெளியூர்க்காரன் என்ன சிரித்தாலும் போகட்டும், சொந்த ஊரில், அச்சு தெரிந்த இத்தனை பேர் முன்னால், அவள் தலைகுனியக் கூடாது. இத்தனை வருடம் கழித்தாவது அந்தப் பெண்ணுக்கு உதட்டை உரிய இடத்தில் வைத்துக் கொடுப்பது தன் கடமை!

கட்டில் அளவுக்குச் சட்டம் செய்தார். அவ்வளவு பெரிய சட்டத்தில் ஒருவர் தனியாக இழுக்க முடியாது. ரப்பர் கட்டையின் மறுமுனையைப் பிடித்தது மகள். அன்று பிறந்தவளேதான். இப்போது அப்பாவோடு அச்சகத்தில் வடிவமைப்பு பார்க்கிறாள். சிவப்புச் சட்டத்தை அவர் குறி பார்த்து உட்கார வைப்பதைக் கண்டதும் அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அப்பா, அத்தை இப்படிக் கேட்கலையே. ஒரு வார்த்தை போன்ல கேட்டுட்டுப் போடலாமே?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா. அவளுக்குக் கூச்சம். நீ பிடி."

"அத்தைக்குக் கூச்சமா?"

"பிடிங்கிறேன்!"

அப்பாவின் மூக்கின்மேல் கோபம் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து மகள் பிடித்தாள். இழுத்தார்கள். உதடு வாய்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு நூல் விலகவில்லை. அச்சடித்த தாள்களில் மிகச் சுத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சட்டம் போட்டு, துணி போர்த்தி, கலைக்கூடத்துச் சுவரில் மாட்டியாயிற்று. "என் தங்கச்சி வந்துதான் துணியை எடுக்கணும்" என்று பொறுப்பாளரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டும் வந்தார்.

அந்தத் துணி எடுக்கிற காலைதான் இது.

பாப்பா வண்டியிலிருந்து இறங்கியதுமே அண்ணனைக் கட்டிக்கொண்டாள். அண்ணியின் கன்னத்தைக் கிள்ளினாள். அண்ணன் மகளைப் பார்த்து, "என்னடி, ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றாள். மகள் தரையைப் பார்த்தாள். கலைக்கூடத்தின் பொறுப்பாளர், எதற்கும் இரண்டு பேனாக்களைக் கொண்டையில் செருகிக்கொண்டு நடக்கிற பெண், வாசலிலேயே நின்று படபடத்துக்கொண்டிருந்தாள். மாலையில் ஊரே வரப்போகிறது. உள்ளே நாலு பக்கமும் பாப்பாவின் படங்கள் ஏறியிருந்தன. ஆள் உயரச் சோப்பு, பேட்டரி, மைப்புட்டி எல்லாமே நிறம் ஒரு பக்கமும் கோடு ஒரு பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தன. மாஸ்டர் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. அவருக்குத் துணி போர்த்திய சுவர் ஒன்றுதான் தெரிந்தது.

"எடும்மா பாப்பா, எடு!" என்றார்.

பாப்பா துணியை இழுத்தாள். பெண் சிரித்தாள். உதடு உதட்டில் இருந்தது.

பாப்பா ஒரு அடி பின்னால் போனாள். பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாஸ்டரும் சிரித்தார். மகிழ்ச்சியில் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார், பாவம். சிரிப்பு நின்றபோது தங்கையின் முகத்தில் நீர் மட்டும் மிச்சம் இருந்தது.

"ஏண்ணா இப்படிப் பண்ணே?"

"சரி பண்ணிட்டேன்மா."

"நான் சரி பண்ணச் சொன்னேனா?"

பொறுப்பாளர் இரண்டு பேனாவையும் கொண்டையிலிருந்து உருவி, மறுபடி செருகினாள். "சார், அச்சு ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது வேற படம். உள்ள இருக்கிறது எல்லாமே அந்த விலகின உதட்டிலேர்ந்துதான் பிறந்துச்சு. வர்றவங்க அதைப் பார்த்துட்டுதான் உள்ள போகணும். அழைப்பிதழ்லயே அதைத்தான் போட்டிருக்கோம். இது இங்க இருந்தா, உள்ள இருக்கிறது எல்லாம் ஏதோ தெரியாம நடந்த தப்பு மாதிரி ஆயிடும்."

"தப்புதானே?" என்றார் மாஸ்டர். வாய் தவறித்தான் வந்தது. ஆனால் வந்தது வந்துவிட்டது.

பாப்பா எழுந்து நின்றாள். "உனக்கு அது எப்பவும் தப்புதான். அதான் ஒரு காட்சிக்கும் வரலை. எனக்குத் தெரியாதா? வெளியூர்ல யார் கைதட்டி என்ன? நம்ம ஊர்ல, நீ வந்து அந்த உதட்டுக்கு முன்னாடி நிக்கணும்னுதான் நான் இந்தக் காட்சிக்கே ஒத்துக்கிட்டேன். அது இல்லாம நான் கதவைத் திறக்க மாட்டேன். எல்லாத்தையும் இறக்கிடுங்க."

"அவசரப்படாதீங்க மேடம்" என்று பொறுப்பாளர் பதறினாள். அவள் கையில் சுவரில் ஒட்ட வேண்டிய பெயரட்டை இருந்தது. "இதுக்கு மொதமொதல்ல இப்பதானே பேரே வெச்சீங்க!"

"என்ன பேரு?" என்று கேட்டது மாஸ்டரின் மனைவி.

பொறுப்பாளர் படித்தாள். "அத்தையான நாள்."

மாஸ்டர் பெயரட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். மகள் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள்.

"மத்த ஊர்ல எல்லாம் பேரில்லாமத்தான் மாட்டினேன்" என்றாள் பாப்பா. இப்போது குரல் இறங்கியிருந்தது. "இங்க மாட்டுறப்ப சொல்லிக்கலாம்னு வெச்சிருந்தேன். உனக்கு மட்டும்தான் ஆச்சரியம் குடுக்கத் தெரியுமா? அன்னைக்கு நீ பொருத்தி வெச்சது பொருத்தி வெச்சபடிதான் இருந்துச்சு. மொத தாளை மேசையில வெச்சேன். அப்ப பக்கத்து மருந்துக்கடைக்காரர் வாசல்ல நின்னு கத்தினார், ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு, பொண்ணு பொறந்திருக்குன்னு. நான் குதிச்ச குதியில இடுப்பு பட்டுச் சட்டம் நகர்ந்துடுச்சு. நான் பார்க்கவே இல்லை. அத்தை ஆயிட்டேன், அத்தை ஆயிட்டேன்னு பாடிக்கிட்டே முழுக்கட்டையும் இழுத்து முடிச்சேன். அந்தச் சிவப்பு மொத்தமும் அந்தச் சந்தோஷம்தான்ணா."

"ஏன் சொல்லலை?"

"நீ எங்க சொல்ல விட்டே? கையில மிட்டாயை வெச்சுக்கிட்டே திட்டினே. எனக்கு ஒரு மிட்டாய்கூடத் தரலை."

மிட்டாய் தராதது மாஸ்டருக்கு இந்த நிமிடம்வரை ஞாபகமில்லை. இப்போது அந்தப் பொட்டலத்தின் காகிதம்கூட ஞாபகம் வந்தது. தங்கையைப் பார்க்காமல் திரும்பி மகளிடம்தான் கேட்டார்.

"சிவப்பு போடாத தாள் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குப்பா. கழுத்துல ஒரு கருப்புப் புள்ளி தெறிச்சிருச்சுன்னு நீங்க சிவப்பே போட மாட்டேன்னுட்டீங்களே, அது."

"வண்டியை எடு!"

அப்புறம் என்ன, ஒரே ஓட்டம்தான். பொறுப்பாளர் உட்பட எல்லோரும் அச்சகத்து வேனில் ஏறிக்கொண்டார்கள். மாஸ்டரின் மனைவி பின்னால் மைப் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, "பிரசவத்துக்குக்கூட என்னை இவ்வளவு வேகமா கூட்டிட்டுப் போகலை" என்று முணுமுணுத்தாள். அச்சகத்தில் மகள் தாளை மேசையில் விரித்தாள். வாயில்லாத பெண் அண்ணாந்து பார்த்தாள். மாஸ்டர் சிவப்பைக் கலக்கினார். தங்கை ரப்பர் கட்டையின் மறுமுனைக்குப் போய், பழைய இடத்தில் நின்றாள். ஒரே தாள். பிசகினால் வேறு இல்லை. பிசக வேண்டும் என்பதற்காகவே போடுகிற தாளில் எதைப் பிசகு என்பது?

மாஸ்டர் பொறுப்பாளரிடமிருந்து அழைப்பிதழை வாங்கி, அதிலிருந்த படத்தை அளவுகோலால் அளக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணா பண்றே?"

"எவ்வளவு தள்ளிப் போச்சுன்னு கணக்குப் பார்க்கிறேன். இந்த அளவுக்குப் பெரிசு பண்ணினா கிட்டத்தட்ட ஒரு சாண் வரும். புதுசாக் குறி போட்டுடறேன். ஒரு நூல் பிசகாம அதே தப்பை வெச்சுடறேன்."

பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள். "தப்பையும் நூல் பிடிச்சா பண்ணுவே? அளந்து வெச்சா அது நீ போட்ட கணக்கு. அன்னைக்கு யாருண்ணா அளந்தா?"

"அளக்காம எப்படிம்மா வைக்கிறது?"

அவர் உண்மையாகவே கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. சட்டத்தைச் சும்மா நகர்த்திப் பார்த்தார். கண் தானாகக் குறியைத் தேடியது, கை தானாகச் சட்டத்தைக் குறிக்கு இழுத்து வந்தது. மறுபடி நகர்த்தினார். மறுபடி வந்து உட்கார்ந்தது. நெற்றியில் வேர்த்தது. ஒரு வேலையை வேண்டுமென்றே கெடுக்கத் தன் கைக்குத் தெரியாது என்பதை அவர் அந்த மேசையில்தான் கண்டுபிடித்தார்.

"முடியலம்மா பாப்பா. கை வரமாட்டேங்குது" என்றார். சின்னப் பையன் மாதிரி இருந்தது குரல்.

"கண்ணை மூடு."

மூடினார்.

"இப்ப மருந்துக்கடைக்காரர் கத்துறார். பொண்ணு! என்ன பண்ணுவே?"

மாஸ்டர் கண்ணை மூடியபடியே நின்றார். அன்று அந்தச் சத்தத்தை அவர் கேட்கவில்லை. அவர் மருத்துவமனை நடையில் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்து, துணியில் சுற்றிய பொட்டலத்தை யாரோ கையில் வைத்தது நினைவு வந்தது. கையில் மை இருக்கிறதே, வெள்ளைத் துணியில் ஒட்டிவிடுமே என்று பயந்தது நினைவு வந்தது. அன்று குதிக்கத் தோன்றியது. நடையில் நாலு பேர் இருந்தார்கள், குதிக்கவில்லை.

"என்ன பாட்டு பாடினே அன்னைக்கு?" என்றார்.

"பாட்டா அது? அத்தை ஆயிட்டேன், அத்தை ஆயிட்டேன், அவ்வளவுதான்."

அவள் பாடினாள். மகள் சிரித்துவிட்டாள். மாஸ்டர், அந்த மேசையில் ஒருவரையும் முணுமுணுக்க விடாத மாஸ்டர், கட்டைக் குரலில், "அப்பா ஆயிட்டேன், அப்பா ஆயிட்டேன்" என்று சேர்ந்துகொண்டார். பாடியது மட்டுமா, ஒரு குதி குதித்தார்! மேசை ஆடியது. பொறுப்பாளரின் கொண்டையிலிருந்து ஒரு பேனா விழுந்தது. "இழுண்ணா!" என்று தங்கை கத்தினாள். கண்ணைத் திறக்காமல் சட்டத்தை அவர் இறக்க, மகள் அமுக்கிப் பிடிக்க, அண்ணனும் தங்கையும் பாடிக்கொண்டே ஒரே இழுப்பாகச் சிவப்பை இழுத்து முடித்தார்கள்.

சட்டத்தை மகள்தான் தூக்கினாள். தூக்கியவள், "ஐயோ!" என்றாள்.

உதடு கன்னத்தில் இல்லை. கன்னத்தைத் தாண்டி, காதோரம் போய் விழுந்திருந்தது. ஆள் உயரப் பெண், வாயிருந்த இடத்தில் ஒன்றுமில்லாமல், காதோரம் தன் உதட்டையே வைத்துக்கொண்டு ஏதோ சேதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்தார். "கெட்டுது போ" என்றார்.

பாப்பா மேசையைச் சுற்றி ஓடிவந்து அண்ணனைத் தூக்கிவிடுவது போலக் கட்டிக்கொண்டாள். "அண்ணா! காதுல சொல்றாங்கண்ணா! பொண்ணுன்னு காதுல சொல்றாங்க! இத்தனை வருஷமா நான் போட்டதுல இது ஒண்ணுதான் உருப்படி!" என்று கூவினாள். பொறுப்பாளர் கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட மறந்து, "இது போதும், இது போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மை காய்வதற்கு இருக்கிற மின்விசிறியை எல்லாம் அந்தப் பெண் பக்கம் திருப்பிவைத்தார்கள். வேனுக்குள் படுக்க வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பலகையில் பொருத்தி, நிற்க வைத்த வாக்கிலேயே கையில் தூக்கிக்கொண்டு தெரு வழியாகவே நடந்தார்கள். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வண்டிகள் நின்று வழிவிட்டன. முன்னால் தங்கை, பின்னால் அண்ணன். வழியில் மாஸ்டர் ஒரு பெட்டிக்கடையில் நின்று, பலகையை மகளிடம் கொடுத்துவிட்டு, ஒரு பொட்டலம் மிட்டாய் வாங்கினார். ஒன்றைப் பிரித்துத் தங்கையின் வாயில் போட்டார். அவள் கையில் பலகை இருந்ததால் வாயைத் திறந்துதான் வாங்கிக்கொள்ள முடிந்தது. மென்றுகொண்டே நடந்தாள்.

உதடு சரியாக இருந்த அந்த முதல் படத்தை மனைவி வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். "நல்ல பொண்ணு. ஆனா இவ்வளவு பெரிய பொம்பளை கூடத்துல நின்னு முறைச்சா நான் எப்படிச் சமைப்பேன்?" என்று யோசித்து, கடைசியில் மாடிப்படி வளைவில் மாட்டினாள்.

மாலையில் கலைக்கூடம் நிரம்பியது. பெயரட்டை ஒட்டியாயிற்று. கழுத்தில் தெறித்த கருப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு, மச்சம் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று ஒருவர் வியந்தார். மாஸ்டர் முதன்முறையாகத் தங்கையின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கண்ணை மூடாமல், இரண்டு கண்ணாலும் பார்த்தார். மைப்புட்டியை விட்டு ஓடிய நீலத்தின் முன் நெடுநேரம் நின்று, அது எதற்காக ஓடியிருக்கும் என்று தங்கையைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது முகப்பூச்சுக் கம்பெனிக்காரர் வந்தார். அன்று அந்த அட்டையை அச்சடிக்கக் கொடுத்தவர் அவர்தான். இப்போது தடி ஊன்றி நடக்கிற வயசு. வாசல் படத்தின் முன் நின்று, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என்ன மாஸ்டர் இது? சிவப்பு எங்கேயோ போயிடுச்சே! யார் போட்டது?"

பக்கத்தில் நின்ற பாப்பாவுக்குத் திக்கென்றது. அண்ணனைப் பார்த்தாள்.

மாஸ்டர் சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து மிட்டாய் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார். "எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு, எடுத்துக்கங்க."